கயாக்கை சி-1 ஆக்க எந்தப் படகை எடுப்பது? மண்டியிட்டு ஓட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சி-1 ஆக, அதாவது ஒருவர் மண்டியிட்டு ஓட்டும் கனூவாக, மாற்றுவதற்கென்று நான் முதன்முதலில் வாங்கிய கயாக்கில் என் பாதம் நுழையவில்லை. அலையில் விளையாடுவதற்காக வடித்த படகு அது. பின்பக்கம் தட்டையாக, மெல்லிசாக இருக்கும். கயாக் ஓட்டும் நண்பர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள், வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இருக்கையைக் கழற்றிவிட்டு உள்ளே மண்டியிட்டேன். முழங்கால் போயிற்று, தொடை போயிற்று, குதிகால் மேல்தளத்தில் இடித்து நின்றது. காலணியைக் கழற்றிப் பார்த்தேன், பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதம் கார் ஷெட்டில் கிடந்துவிட்டு, வாங்கியதைவிடக் குறைந்த விலைக்குக் கைமாறிப் போனது.

அன்றிலிருந்து நான் படகு பார்க்கும் வரிசை மாறிவிட்டது. முதலில் என் உடம்பு, அடுத்து படகின் அடிவடிவம், கடைசியில்தான் அதன் பெயரும் புகழும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

சி-1 என்பது என்ன, ஏன் கயாக்கை மாற்ற வேண்டும்

தூரத்தில் இருந்து பார்த்தால் சி-1 கயாக் போலவே தெரியும். மேலே மூடிய தளம், நடுவில் ஒரு குழி, இடுப்பைச் சுற்றித் தண்ணீர் புகாமல் இழுத்து மாட்டும் ஸ்கர்ட். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து, இருபுறமும் அலகு (தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) உள்ள துடுப்பைப் பிடிப்போம். சி-1 கனூ வகையைச் சேர்ந்தது. அதில் மண்டியிட்டு, ஒரே அலகுள்ள துடுப்பைப் பிடிப்போம். வஜ்ராசனத்தில் உட்கார்ந்து, முழங்கால்களை நன்றாக விரித்து, பிட்டத்துக்குக் கீழே ஒரு கட்டையை வைத்தால் எப்படியோ, அதுதான் சி-1 இருப்பு.

தொங்கும் கம்பிகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டும் சலாலம் போட்டிகளில் இந்தப் படகுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆக்ஸ்பர்க் நகரத்துச் செயற்கை ஓடையில் முதன்முதலாக இடம்பெற்றது. பிறகு இருபது ஆண்டு இடைவெளி விட்டு 1992 பார்சிலோனாவில் திரும்பி வந்தது. பெண்களுக்கான சி-1 ஒலிம்பிக்கில் சேர டோக்கியோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் ஜெசிக்கா ஃபாக்ஸ் அதில் முதல் தங்கத்தை எடுத்தார்.

நான் ஓட்டுவது வாஷிங்டனை ஒட்டிய பொட்டோமாக் ஆற்றில். ஜான் லக்பில், டேவி ஹெர்ன் போன்ற சலாலம் சி-1 வீரர்கள் இதே ஆற்றோரம், பிரூக்மாண்ட் அருகே உள்ள ஃபீடர் கால்வாயில் பயிற்சி எடுத்து வளர்ந்தவர்கள். 1979 உலகப் போட்டியில் சி-1 பிரிவின் மூன்று பதக்கங்களையும் அமெரிக்கர்களே அள்ளினார்கள். லக்பில் தனிநபர் பிரிவில் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனார். முனைகளைத் தட்டையாக்கி, தொங்கும் கம்பிகளுக்கு அடியில் நழுவிப் போகும்படி அவர்கள் வடித்த படகுகள் இந்த விளையாட்டின் போக்கையே மாற்றின. படகை உடம்புக்கு ஏற்ப மாற்றும் பழக்கம் சி-1 ஓட்டுபவர்களின் ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்ல இந்த ஒரு உதாரணம் போதும்.

சரி, கடையில் போய் ஒரு பிளாஸ்டிக் சி-1 வாங்கிவிட முடியாதா? பெர்செப்ஷன் கைராமேக்ஸ், டேகர் ஆட்டம் என்று ஒரு காலத்தில் ஆலையிலேயே சி-1 ஆக வார்த்த பிளாஸ்டிக் படகுகள் வந்தன. இப்போது பழைய சந்தையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். புதிதாகச் செய்யப்படுபவை பெரும்பாலும் பந்தயத்துக்கான கார்பன், கெவ்லார் படகுகள். அவற்றைப் பாறையில் மோத யாருக்கும் மனம் வராது. அதனால்தான் ஆற்றில் இறங்குகிற சி-1காரர்களில் பலர் பிளாஸ்டிக் கயாக் ஒன்றை எடுத்து, இருக்கையைப் பிடுங்கிவிட்டு, ஃபோம் பீடம் வைத்து ஓட்டுகிறார்கள்.

படி 1: கடைக்குப் போகும் முன் வீட்டில் மண்டியிடுங்கள்

தடிமனான புத்தகங்களை 16 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். அதன்மேல் உட்கார்ந்து முழங்கால்களை விரித்து, பாதங்களைப் பின்னால் நீட்டி, விரல்கள் பின்னோக்கிப் படுக்கும்படி இருபது நிமிடம் இருங்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். கணுக்கால் மட்டும் இழுத்தால் அது பழக்கத்தில் சரியாகும். கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தாலே பாதி குறையும். முழங்காலுக்குள் குத்தினாலோ, பாதம் மரத்துப்போய் எழுந்த பிறகும் நெடுநேரம் உணர்வு திரும்பாமல் இருந்தாலோ உயரத்தை 18, 20 செ.மீ. என்று கூட்டிப் பாருங்கள். பழைய முழங்கால் காயம் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

வசதியாக இருந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதிக் கணக்கெல்லாம் இந்த எண்ணில் இருந்துதான் வரும். பீடம் உயர உயர ஈர்ப்பு மையமும் உயரும், படகு அந்த அளவுக்கு அகலமாக வேண்டும். 14 செ.மீ. பீடத்தில் உட்கார முடிந்தவருக்குக் குறுகலான படகும் சரிப்படும். 20 செ.மீ. கேட்கிற கால்கள் உள்ளவர் அதே படகில் நாள் முழுக்கத் தள்ளாடிக்கொண்டிருப்பார்.

அதே இருப்பில் இன்னும் மூன்று அளவுகளை எடுங்கள். ஒன்று, ஆற்றில் அணியும் காலணியோடு தரையில் இருந்து குதிகாலின் உச்சி வரை உள்ள உயரம். இரண்டு, விரித்த முழங்கால்களின் வெளிப்புறத்துக்கு வெளிப்புறம் உள்ள அகலம். மூன்று, முழங்கால் நுனியில் இருந்து கால்விரல் நுனி வரை உள்ள நீளம். ஒரு துண்டுத் தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய படகு விற்பனைக்கு வருவது எப்போது என்று சொல்ல முடியாது.

படி 2: படகுக்குள் அளவு டேப்பை விடுங்கள்

படகைப் பார்க்கப் போனால் முதலில் பார்க்க வேண்டியது குழிக்குச் சற்றுப் பின்னால் உள்ள உட்புற உயரம். பாதம் அங்கேதான் படுக்கும். குதிகால் உயரத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். இறுக்கமாக நுழைகிறதே, போதாதா என்று நினைக்கலாம். படகு கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போது இறுக்கமாக நுழைந்த பாதம் இறுக்கமாகத்தான் வெளியே வரும். அதனால் இந்த ஒரு அளவில் நான் சமரசம் செய்வதே இல்லை.

அடுத்து அகலம். நடுவில் பீடம் 15 செ.மீ. அளவுக்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். அதன் இருபுறமும் கணுக்கால் படுக்க வேண்டும். முன்னால் முழங்கால்கள் படகின் பக்கச் சுவரைத் தொடும் அளவுக்கு விரிந்தால் நல்லது. படகைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் முழங்கால் வழியாகத்தான்.

மூன்றாவது குழியின் வடிவம். சாவித்துளை வடிவில் முன்னால் நீண்ட இன்றைய குழிகளில் ஏறி இறங்குவது சுலபம். முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்தைய கயாக்குகளில் சின்ன வட்டக் குழி இருக்கும். காலை நீட்டி ஓட்டுபவருக்கே வெளியே வரச் சிரமம் தருவது அது, மண்டியிடுபவருக்குக் கேட்கவே வேண்டாம். விளிம்புக்குக் கீழே தொடையைப் பிடிப்பதற்காக உள்ள கொக்கிகளையும் பாருங்கள். திருகாணியில் நிற்பவையாக இருந்தால் கழற்றிவிடலாம். படகோடு சேர்த்து வார்த்தவையாக இருந்தால், முழங்காலை வெளியே எடுக்கும்போது அவை இடிக்கின்றனவா என்று ஐந்தாறு முறை ஏறி இறங்கிப் பாருங்கள்.

விற்பவர் முன்னால் இதையெல்லாம் செய்யக் கூச்சப்பட வேண்டாம். விலை பேசுவதற்கு முன்பே, "உள்ளே மண்டியிட்டுப் பார்க்கலாமா?" என்று நான் கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

படி 3: அடிவடிவம்

இந்த விஷயத்தின் இதயம் இங்கேதான் இருக்கிறது. கயாக் ஓட்டுபவரின் அறிவுரை நம்மைத் தவறாக நடத்திச் செல்வதும் இங்கேதான்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்குத் தெரியும். அடி வட்டமாக இருப்பதால் அது எந்தப் பக்கமும் சுழலும். சுழலாமல் நேரே கொண்டுபோக ஓட்டுபவர் ஒவ்வொரு துடுப்பு வலிப்பிலும் திருத்திக்கொண்டே இருப்பார். அந்தத் திருத்தத்துக்கே அவர் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். குட்டையான, தட்டையான அடியுள்ள இன்றைய கயாக்குகள் சிலவற்றில் ஒற்றைத் துடுப்போடு உட்கார்ந்தால் கிட்டத்தட்ட அந்த அனுபவம்தான் கிடைக்கும். கயாக்காரர் இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போடுவதால் படகின் திரும்பும் குணம் தானாகவே அடங்கிவிடுகிறது. நாம் ஒரே பக்கம் வலிக்கிறோம். ஒவ்வொரு வலிப்பும் மூக்கை மறுபக்கம் தள்ளும். அதனால் சி-1க்கு எடுக்கும் படகின் அடி இரண்டு வலிப்புகளுக்கு நடுவே நேரே ஓட வேண்டும். "நன்றாகச் சுழலும்" என்று ஒரு படகைப் புகழ்ந்தால் எனக்கு அது எச்சரிக்கை மணி.

எது நேரே ஓட வைக்கிறது? முதலாவது நீளம். 2.5 மீட்டருக்கு மேல் இருந்தால் வேலை சுலபம், 2.7 மீட்டர் இன்னும் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: சலாலம் சி-1களின் குறைந்தபட்ச நீளம் 2005 வரை 4 மீட்டராக இருந்தது, இப்போது 3.5 மீட்டர்.

இரண்டாவது ராக்கர். படகைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் முனைகள் வாழைப்பழம் போல மேலே வளைந்திருக்கும், அந்த வளைவுதான் ராக்கர். வளைவு அதிகமானால் அலைமேல் ஏறும், சட்டென்று திரும்பும், ஆனால் நேர்க்கோட்டை மறந்துவிடும். எனக்குப் பிடித்தது முன்பக்கம் நன்றாக வளைந்து, பின்பக்கம் ஓரளவு தாழ்ந்து படுத்திருக்கும் அமைப்பு. முன்முனை அலையை ஏறிக் கடக்கும், பின்முனை தண்ணீரைப் பிடித்துத் திசையைக் காக்கும்.

மூன்றாவது அடியின் குறுக்குவெட்டு. தட்டையான அடியும் கூரான ஓரமும் உள்ளவை ஒரு வகை, உருண்டு மேலேறும் அடியுள்ளவை இன்னொரு வகை. தட்டையானது அலைமேல் வழுக்கும், நின்ற நிலையில் உறுதியாக இருக்கும், ஆனால் மெதுவாகப் போகும்போது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற உணர்வு வரும். உருண்டது தண்ணீரைக் கிழித்து ஓடும், ஒரு வலிப்பின் வேகத்தை அடுத்த வலிப்பு வரை வைத்திருக்கும். ஏறி உட்கார்ந்தவுடன் சற்று ஆடினாலும், சாய்க்கச் சாய்க்கப் படிப்படியாகத் தாங்கும்.

ஓரங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூரான ஓரத்தைச் சாய்த்து வைத்தால் படகு ஒரு வளைவில் தானாகச் செதுக்கிக்கொண்டு ஓடும். துடுப்பு உள்ள பக்கமாகச் சாய்த்து, அந்தப் பக்கமே வளைந்து ஓட விட்டு, உள்பக்கத்தில் இருந்தே வலித்துக்கொண்டு போவது சி-1இன் மிக அழகான வேலைகளில் ஒன்று. அந்த அளவுக்கு ஓரம் நமக்கு நண்பன். ஆனால் குறுக்கே வரும் நீரோட்டம் அந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? கயாக்காரர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அங்கே ஓர் அலகு இருக்கிறது. நமக்கு மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை. உடம்பைத் திருப்பித் துடுப்பைக் குறுக்கே கொண்டுபோய் ஊன்றுவதற்குள் பாதி கவிழ்ந்திருப்போம். ஆகவே முதல் படகுக்கு மழுங்கிய, மன்னிக்கும் குணமுள்ள ஓரத்தையே தேர்ந்தெடுங்கள். ஓரம் அறவே இல்லாத உருண்டையும் வேண்டாம், கத்தி போன்றதும் வேண்டாம்.

அகலத்துக்கு வருவோம். 63 முதல் 68 செ.மீ. வரை பெரும்பாலானவர்களுக்குச் சரி. அகலம் கூடினால் நிம்மதி என்று மேலும் மேலும் போகத் தோன்றும், அதற்கும் ஒரு விலை உண்டு. துடுப்பைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கினால்தான் வலிப்பு நேராக இருக்கும். முழங்காலுக்கு முன்னால் படகு அகலமாகவும் உயரமாகவும் இருந்தால் அலகு வெளியே தள்ளிப் போகும், ஒவ்வொரு வலிப்பும் படகை இன்னும் அதிகமாகத் திருப்பும். குறுக்கு வலிப்புக்காக உடம்பைத் திருப்பி மேல்தளத்தைத் தாண்டும்போது கை இடிக்கும். எனவே மொத்த அகலத்தோடு, அந்த அகலம் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். இடுப்புக்கு நேரே அகலமாகி, துடுப்பு இறங்கும் இடத்தில் ஒடுங்கியிருந்தால் அதுதான் நமக்கான படகு.

கடைசியாகக் கொள்ளளவு. தயாரிப்பாளர் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் எடை வரம்பு போட்டிருப்பார். நம் எடை அதன் நடுப்பகுதியில் விழட்டும். இரண்டு அளவுகளுக்கு இடையில் சிக்கினால் பெரியதை எடுங்கள். பாதத்துக்கும் முழங்காலுக்கும் இடம் வேண்டும், உயர்ந்த இருப்புக்கு அகலமும் வேண்டும்.

எந்த வகையில் தேடுவது

செங்குத்தான ஓடைகளுக்கான கிரீக் படகுகளும், பொதுவாக ஆற்றில் ஓடுவதற்கான ரிவர் ரன்னர் படகுகளும்தான் நல்ல வேட்டைக்காடு. பின்பக்கம் உயரமாக இருப்பதால் பாதத்துக்கு இடம் கிடைக்கும். லிக்விட்லாஜிக் ரீமிக்ஸ், டேகர் மாம்பா, பிரான்ஹா பர்ன் ஆகியவை பழைய சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். இவற்றில் ரீமிக்ஸின் ஓடும் குணம் ஒற்றைத் துடுப்புக்கு மிகவும் ஒத்துப்போகிறது என்பது என் கருத்து. மாம்பாவிலும் பர்னிலும் ஓரம் இன்னும் தெளிவாகத் தெரியும், செதுக்கி ஓட்ட விரும்புபவர்களுக்குப் பிடிக்கும்.

3.5 மீட்டரைத் தாண்டும் நீளப் பந்தய கிரீக் படகுகள் ரயில் மாதிரி நேரே ஓடும். ஆனால் நெருக்கமான பாறைகளுக்கு இடையே அவற்றைத் திருப்ப நல்ல அனுபவம் வேண்டும். முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் கத்தி மாதிரியும் இருக்கும் பாதிச் சீவல் படகுகள் இப்போது எங்கும் பிரபலம். பாதம் சிறியதாக இருந்தால் முயன்று பாருங்கள், என்னைப் போல 9 நம்பர் காலணி போடுபவர்கள் பர்ஸை எடுக்கும் முன் டேப்பை எடுங்கள். குட்டை விளையாட்டுப் படகுகள் முதல் சி-1க்கு வேண்டவே வேண்டாம்.

பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஃபைபர் சி-1 ஏதாவது கிடைத்தால், பாறை இல்லாத ஆழமான தண்ணீரில் பழகுவதற்கு அதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. வலிப்பில் உள்ள பிழை ஒவ்வொன்றையும் அது உடனே காட்டிக்கொடுக்கும்.

படி 4: பழைய படகின் உடல்நலம்

படகைக் கவிழ்த்து வெயிலில் வைத்து, குழிக்குள் தலையை விட்டு உள்ளிருந்து பாருங்கள். அடியில் தேய்ந்து மெலிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவி ஒளிரும். இருக்கைக்கு நேர்கீழேயும் பின்முனையிலும் இது அதிகம், பாறையில் இழுபடுவது அந்த இடங்கள்தான். லேசான ஒளிர்வு பரவாயில்லை. திட்டாகப் பளிச்சென்று தெரிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் டப்பா மூடி மாதிரி உள்ளே போய் வந்தால் விட்டுவிடுங்கள்.

இருக்கைத் திருகாணித் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நாமும் பீடத்தை நிறுத்த அந்தத் துளைகளைத்தான் நம்பியிருக்கப் போகிறோம். வெயிலில் வருடக்கணக்கில் கிடந்து வெளுத்துப்போன படகு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும்.

படி 5: ஒட்டும் முன் ஓட்டிப் பாருங்கள்

பீடத்துக்குப் பயன்படுவது மினிசெல் ஃபோம். தண்ணீர் குடிக்காது, ரொட்டி வெட்டும் கத்தியால் அறுக்கலாம், மர அரத்தால் தேய்த்து உருவாக்கலாம். நீங்கள் குறித்துவைத்த உயரத்துக்கு ஒரு துண்டை அறுத்து, இப்போதைக்குப் பசை போடாமல் ஆப்பு மட்டும் செருகி நிறுத்துங்கள்.

எங்கே நிறுத்துவது? கயாக் இருக்கை இருந்த இடத்திலேயே வைப்பதுதான் எல்லாரும் முதலில் செய்யும் தவறு. கயாக்கில் காலின் எடை முழுவதும் இடுப்புக்கு முன்னால் நீண்டிருக்கும். மண்டியிட்டால் முழங்காலுக்குக் கீழே உள்ள எடை பின்னால் போய்விடுகிறது. பழைய இடத்திலேயே உட்கார்ந்தால் பின்முனை அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். எனவே இடுப்பு பழைய இடத்துக்கு 5 முதல் 10 செ.மீ. முன்னால் வரும்படி தொடங்குங்கள். துல்லியமான இடத்தைத் தண்ணீர் சொல்லும்.

ஆங்லர்ஸ் பக்கம் பொட்டோமாக் அகன்று அமைதியாக இருக்கும் இடத்தில் இதை நான் செய்தேன். கரையில் நின்ற நண்பர் பக்கவாட்டில் இருந்து போட்டோ எடுத்தார். படத்தில் முன்முனையும் பின்முனையும் தண்ணீருக்கு மேலே எவ்வளவு நிற்கின்றன என்று பார்த்துவிட்டு, கரைக்கு வந்து பீடத்தை ஒரு விரற்கடை நகர்த்தி, மறுபடி இறங்கினேன். நான்கு முறை இப்படி. மூன்றாவது முறைக்கும் நான்காவதுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 2 செ.மீ.தான். ஆனால் மூன்றாவது முறை மூன்றே வலிப்பில் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருந்த படகு, நான்காவது முறை துடுப்பைத் தூக்கிய பிறகும் நேரே வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த இடத்தில் படகின் உள்சுவரில் கறுப்பு டேப் ஒட்டினேன்.

நீங்களும் மூன்று வலிப்பு போட்டுவிட்டுத் துடுப்பைத் தூக்கிவிடுங்கள். மூக்கு எவ்வளவு சீக்கிரம் விலகுகிறது என்று எண்ணுங்கள். பீடத்தை முன்னும் பின்னும் நகர்த்தி எத்தனை முறை பார்த்தாலும் உடனே சுழலும் படகு ஒற்றைத் துடுப்புக்கு ஆகாது. இன்னும் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை, அப்படியே திருப்பி விற்றுவிடலாம். முடிந்தால் வாங்கும் முன்பே, படகை ஒரு நாள் இரவல் வாங்கி இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் படகை இரு பக்கமும் முழங்காலால் சாய்த்து, அந்தச் சாய்விலேயே பத்து விநாடி நிறுத்திப் பாருங்கள். துடுப்பு இல்லாத பக்கம் சாய்க்கும்போது வயிற்றில் பயம் கவ்வினால் பீடத்தை ஒரு செ.மீ. குறைக்கலாம். கால்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் அகலமான படகு வேண்டும் என்று அர்த்தம்.

படி 6: உள்வேலை

இடம் முடிவானதும் நிரந்தரமாகப் பொருத்தலாம். கயாக் பிளாஸ்டிக் பாலிஎத்திலீன், அதில் எந்தப் பசையும் லேசில் ஒட்டாது. செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மஞ்சள் பசை வகைதான் இங்கேயும். பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சுடரை ஒரு நொடி ஓடவிட்டு, இரு பக்கமும் பசை தடவிக் காயவிட்டு அழுத்தினால் ஓரளவு பிடிக்கும். ஆனால் பசையை மட்டும் நம்பாதீர்கள். பழைய இருக்கைத் துளைகளில் திருகாணி போட்டு, பட்டையால் பீடத்தைக் கட்டிவிடுங்கள்.

முன்னும் பின்னும் நடுவில் நிற்கும் ஃபோம் சுவர்களை இடம் போதவில்லை என்று பிடுங்கி எறியாதீர்கள். படகு பாறையில் குறுக்காக ஒட்டிக்கொண்டால் தண்ணீரின் எடை மேல்தளத்தை அமுக்கிக் கால்களைப் பிடித்துவிடும். அதைத் தாங்குவது அந்தச் சுவர்கள்தான். ஒன்றை வெட்டினால் அதன் இடத்தில் பீடத்தோடு சேர்ந்த வேறொரு தூணை மேல்தளம் வரை நிறுத்துங்கள்.

தொடைப் பட்டைகள் பிட்டத்தின் பக்கத்தில் தொடங்கி, தொடைமேல் குறுக்காக வந்து, முழங்காலுக்கு முன்னால் முடிய வேண்டும். ஒரே இழுப்பில் கழலும் கொக்கி கட்டாயம். கால்விரல்கள் ஊன்றிக்கொள்ளச் சிறு கட்டைகளும், முழங்காலுக்கு மெத்தையும் வையுங்கள். மீதி இடமெல்லாம் காற்றுப் பைகளுக்கு.

ஸ்கர்ட் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். கயாக் ஸ்கர்ட்டின் இடுப்புக் குழல் பின்பக்கமாகத் தைக்கப்பட்டிருக்கும். நாம் முன்னால் நகர்ந்துவிட்டதால் அது பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே குளம் மாதிரி தண்ணீர் தேங்கும். குழல் நடுவுக்கு வரும்படி தைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

துடுப்பு பெரும்பாலானவர்களுக்கு 140 முதல் 155 செ.மீ. நீளத்துக்குள் அடங்கும். பீடத்தில் உட்கார்ந்து அலகு முழுவதும் தண்ணீரில் மூழ்கும்போது மேல்கை முகத்துக்கு நேரே நின்றால் அளவு சரி.

படி 7: முதலில் வெளியே வரப் பழகுங்கள்

ஆற்றுக்குப் போகும் முன், பக்கத்தில் ஆள் நிற்க, நீச்சல் குளத்தில் வேண்டுமென்றே கவிழுங்கள். ஸ்கர்ட்டைப் பிடுங்கி, பட்டையைக் கழற்றி, முழங்கால்களைச் சேர்த்து, முன்னோக்கி உருண்டு வெளியே வாருங்கள். கண்ணைத் திறந்து ஐந்து முறை, கண்ணை மூடி ஐந்து முறை, மரத்துப்போன கால்களோடு ஐந்து முறை. இந்த மூன்றாவது முக்கியம். அரை மணி நேரம் மண்டியிட்ட பிறகு கால்கள் நாம் சொன்னபடி கேட்காது, ஆற்றில் கவிழ்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்தில்தான். எங்காவது பாதம் சிக்கினால் அங்கே ஃபோமைச் செதுக்குங்கள். செதுக்கியும் சிக்கினால் அந்தப் படகு உங்களுக்கானது இல்லை.

அதற்குப் பிறகு உருண்டு நிமிரப் பழகுங்கள். அகலமான, கூரான ஓரமுள்ள படகு பாதியில் நின்று அடம்பிடிக்கும், உருண்டை அடி சுலபமாகச் சுற்றி வரும். முதல் ஆற்றுப் பயணத்துக்கு இரண்டாம் வகுப்பு (சுலபமான) நீரோட்டத்தையே தேர்ந்தெடுங்கள். வட கரோலைனாவின் நன்டஹாலா மாதிரி, சிறு அலைகளும் ஒதுங்க நிறைய எடிகளும் (பாறைகளுக்குப் பின்னால் தண்ணீர் அடங்கியிருக்கும் இடங்கள்) உள்ள ஆறு பழகுவதற்கு அருமை. தண்ணீர் ஆண்டு முழுக்கச் சில்லென்று இருக்கும் என்பதால் வெட்சூட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

முதல் நான்கைந்து பயணங்களுக்கு ஒரு சிறு அரமும் ஃபோம் துண்டுகளும் டேப்பும் பையில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை கரையேறும்போதும் எங்கே அழுத்துகிறது, எங்கே தளர்கிறது என்று பார்த்து, கொஞ்சம் தேய்த்து, கொஞ்சம் ஒட்டுங்கள். என் படகில் அந்தக் கறுப்பு டேப்புக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு டேப் இருக்கிறது, அரை விரற்கடை முன்னால். குளிர்காலத்தில் தடிமனான உடை போட்டால் என் பீடம் அங்கேதான் நிற்கும்.